கையில் மூன்று ஆஃபர், வெயிட்லிஸ்ட்டில் ஒன்று: அமெரிக்காவில் ஸ்பீச் தெரபி முதுநிலை இடத்தைத் தேர்ந்த ஒரு நிகழ்வு ஆய்வு

இது ஒரு தனி ஆளின் கதை அல்ல. அமெரிக்காவில் பேச்சு-மொழி நோயியல் முதுநிலைக்கு விண்ணப்பிக்கும் தமிழ் மாணவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கும் நிலைமைகளைச் சேர்த்து அமைத்த நிகழ்வு. கல்லூரிகளின் கட்டணமும் செலவும் மாதிரி எண்கள்; விதிகளும் வரம்புகளும் இப்போது நடப்பில் இருப்பவை.

விண்ணப்பதாரர் சென்னையில் ஸ்பீச் தெரபி, செவியியல் இளநிலைப் பட்டமான பி.ஏ.எஸ்.எல்.பி. முடித்தவர். மூன்று ஆண்டு வகுப்பு, ஓராண்டு இன்டர்ன்ஷிப், இந்திய மறுவாழ்வு கவுன்சிலான ஆர்.சி.ஐ.யின் பதிவு எல்லாம் உண்டு. திருமணத்துக்குப் பின் நியூஜெர்சியில் குடியிருக்கிறார், கிரீன் கார்டு இருக்கிறது. 2026 இலையுதிர் பருவத்துக்கு ஒன்பது கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தார்.

ஏற்கெனவே தெரபிஸ்ட்டாக வேலை பார்த்தவர் ஏன் மறுபடி படிக்க வேண்டும் என்று வீட்டில் கேட்பார்கள். ஆஷா என்று எல்லோரும் சொல்லும் அமெரிக்கப் பேச்சு-மொழி-செவிச் சங்கத்தின் சி.சி.சி. சான்றிதழ்தான் அங்கே பெரும்பாலான வேலைகளுக்கு நுழைவுச்சீட்டு. அதற்கு சி.ஏ.ஏ. என்ற அங்கீகாரக் குழுவின் கீழ் வரும் முதுநிலைப் படிப்பு வேண்டும். அதற்குமேல் 400 மணி நேர மருத்துவப் பயிற்சி: 25 மணி பார்வையிடல், 375 மணி நோயாளிகளோடு நேரடி வேலை. மேற்பார்வையாளர் சி.சி.சி. வைத்திருப்பவராக இருக்க வேண்டும் என்பதால் சென்னை இன்டர்ன்ஷிப்பின் மணிகள் கணக்கில் சேரவில்லை. பி.ஏ.எஸ்.எல்.பி. கொடுத்த லாபம் வேறு: அடிப்படைப் பாடங்கள் முடிந்திருந்ததால், வேறு துறையிலிருந்து வருபவர்கள் கூடுதலாகப் படிக்கும் முன்-ஆண்டு இவருக்குத் தேவைப்படவில்லை.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை

பெரும்பாலான கல்லூரிகள் சி.எஸ்.டி.காஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாக வாங்குகின்றன. அதில் 'வெரிஃபைடு' என்று வந்ததும் ஏதோ முடிவு வந்துவிட்டதாகப் பலர் துள்ளுகிறார்கள். மதிப்பெண்களைச் சரிபார்த்துவிட்டோம் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. முடிவு வருவது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த போர்ட்டலில். அங்கும் இரண்டு படி: துறை பரிந்துரைக்கும், பட்ட மேற்படிப்பு அலுவலகம் அதிகாரபூர்வக் கடிதம் தரும். துறையிலிருந்து வாழ்த்து மின்னஞ்சல் வந்து பத்து நாள் ஆகியும் போர்ட்டல் 'பரிசீலனையில்' என்றே காட்டுவது சகஜம். அதைக் கண்டு பயந்து துறைக்கு நாலு தடவை போன் போடத் தேவையில்லை.

ஒன்பதில் ஒன்று பரிசீலனைக்கே போகாமல் விழுந்தது. இந்திய மதிப்பெண் பட்டியலை வெஸ் நிறுவனத்தில் மதிப்பீடு செய்து அனுப்ப வேண்டும். சென்னைப் பக்கம் பல்கலைக்கழகத்திலிருந்து ஆவணம் கிளம்பவே வாரக்கணக்கில் ஆனதால், ஜனவரி கடைசித் தேதிக்குள் விண்ணப்பம் 'முழுமை' ஆகவில்லை. விண்ணப்பத்தை அனுப்பிய தேதியைக் கணக்கில் எடுக்கும் கல்லூரிகளும் உண்டு, சரிபார்ப்பு முடிந்த தேதியை எடுக்கும் கல்லூரிகளும் உண்டு. இந்தக் கல்லூரி இரண்டாவது ரகம். இந்தியப் பட்டம் வைத்திருப்பவர்கள் வெஸ் வேலையை ஆகஸ்ட்டிலேயே தொடங்கிவிட வேண்டும். கட்டுரை எழுதுவதெல்லாம் அப்புறம்.

மீதி எட்டில் நான்கு மறுப்பு, மூன்று ஆஃபர், ஒரு வெயிட்லிஸ்ட். கையில் வந்த மூன்றையும் உள்ளூர், நியூயார்க், மத்திய மேற்கு என்று அழைப்போம். உள்ளூர் என்பது வீட்டிலிருந்து காரில் போய்வரக்கூடிய நியூஜெர்சி அரசுப் பல்கலைக்கழகம். நியூயார்க், பெயர்பெற்ற மருத்துவமனைகளைப் பட்டியல் போட்டுக் காட்டும் தனியார் பல்கலைக்கழகம். மத்திய மேற்கு, உதவியாளர் பணியோடு இடம் கொடுத்த அரசுப் பல்கலைக்கழகம். வெயிட்லிஸ்ட்டில் நின்றது பென்சில்வேனியாவில் இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ள ஒன்று. மனசு முழுக்க அதன்மேல்தான், ஏனென்றால் அதன் இணையப் பக்கத்தில் 'மெடிக்கல் ட்ராக்' (மருத்துவமனைப் பணிக்கான தனிப் பாதை) என்று பெரிய எழுத்தில் இருந்தது.

ஏப்ரல் 15 யாருக்குப் பொருந்தும்

நியூயார்க் ஆஃபர் மார்ச் 6 அன்று வந்தது: முதலாண்டுக்கு மட்டும் 10,000 டாலர் ஸ்காலர்ஷிப், திரும்பக் கிடைக்காத 1,000 டாலர் டெபாசிட், மார்ச் 20-க்குள் பதில். ஆசையும் பயமும் சேர்ந்து கார்டை எடுத்துத் தேய்த்துவிடும் இடம் இதுதான்.

அமெரிக்கப் பட்ட மேற்படிப்புக் கல்லூரிகளின் கவுன்சிலில் 'ஏப்ரல் 15 தீர்மானம்' என்று ஒன்று உண்டு. அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகம் கொடுக்கும் நிதியுதவி ஆஃபருக்கு மாணவர் ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. கவனிக்க வேண்டியது, தீர்மானம் பேசுவது ஸ்காலர்ஷிப், ஃபெலோஷிப், உதவியாளர் பணி போன்ற நிதியுதவியைப் பற்றி மட்டுமே. வெறும் அட்மிஷனுக்கு அது காப்பு இல்லை. அங்கே ஏப்ரல் 15 என்பது பல கல்லூரிகள் தாமாகப் பின்பற்றும் வழக்கம். கையெழுத்திட்டவர்களின் பட்டியலை கவுன்சில் வெளியிடுகிறது. நியூயார்க் கல்லூரி அதில் இருந்தது, ஆஃபரில் ஸ்காலர்ஷிப்பும் இருந்தது. ஆகவே இரண்டே வரியில் மின்னஞ்சல் போனது: ஆஃபருக்கு நன்றி, ஸ்காலர்ஷிப்போடு வந்திருப்பதால் தீர்மானத்தின்படி ஏப்ரல் 15 வரை அவகாசம் தர இயலுமா. மறுநாளே சரி என்று பதில் வந்தது. சண்டை போடும் தொனியில் எழுதியிருந்தால் இவ்வளவு சுலபமாக முடிந்திருக்குமா என்பது சந்தேகம். துறைச் செயலருக்குப் பல நேரம் இந்தத் தீர்மானமே நினைவில் இருக்காது, படிவத்தில் போன வருஷத் தேதியை மாற்றி அனுப்பியிருப்பார்.

மணிக் கணக்கு

எந்தக் கல்லூரியில் படித்தாலும் கிடைப்பது ஒரே சி.சி.சி.தான். வேலைக்கு எடுக்கும் பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ எங்கே பயிற்சி செய்தாய் என்று கேட்கும், தரவரிசையைக் கேட்பது அபூர்வம். அதனால் ஒப்பிட வேண்டியது 375 மணியை ஒவ்வொரு கல்லூரியும் எப்படி நிரப்புகிறது என்பதை.

கல்லூரிக்குள் இருக்கும் கிளினிக்கில் ஒரு மாணவருக்கு ஒரு பருவத்தில் இரண்டு நோயாளிகள், வாரம் இரண்டு முறை, 50 நிமிஷ அமர்வு என்று வைத்துக்கொள்வோம். 12 வாரத்துக்கு 48 அமர்வு, அதாவது 40 மணி. நோயாளி வராத நாட்களைக் கழித்தால் 33 மணி தேறும். மூன்று பருவத்துக்குச் சுமார் 100. மீதி முழுவதும் வெளியிடப் பயிற்சியான எக்ஸ்டெர்ன்ஷிப்பில்தான் வர வேண்டும்: வாரம் நாலு நாள், நாளுக்கு நாலு மணி நேரடி வேலை, 12 வாரம் என்றால் 192 மணி. இரண்டு எக்ஸ்டெர்ன்ஷிப் கிடைத்தால் மொத்தம் 484, தாராளம். ஒன்று கைநழுவினால் 292. செயற்கை நோயாளிப் பயிற்சி மூலம் அதிகபட்சம் 75 மணிதான் சேர்க்கலாம். அதையும் முழுதாகச் சேர்த்தால் 367. எட்டு மணி குறைகிறது. இந்த எட்டு மணிக்காக ஒரு பருவம் கூடுதலாகக் கட்டணம் கட்டிக் காத்திருப்பவர்கள் உண்டு.

ஆக, கேள்வியை அட்மிஷன் அலுவலகத்திடம் கேட்கக் கூடாது. பயிற்சி இடங்களை ஒதுக்கும் கிளினிக் இயக்குநரிடம் கேட்க வேண்டும். அனுப்பிய மின்னஞ்சலின் சாரம் இது: கடந்த ஆண்டு மாணவர்களில் எத்தனை பேருக்குப் பெரியவர்களோடு வேலை செய்யும் இடம் கிடைத்தது, அதில் எத்தனை மருத்துவமனை, எத்தனை முதியோர் பராமரிப்பு இல்லம், விழுங்கல் கோளாறு மணிகள் சராசரியாக எவ்வளவு, இடத்தைத் தேடுவது கல்லூரியா மாணவரா, ஒதுக்கிய இடம் கடைசி நேரத்தில் ரத்தானால் என்ன ஏற்பாடு, அதிகபட்சத் தூரம் என்ன.

நியூயார்க்கிலிருந்து வந்த பதிலில் 200-க்கு மேற்பட்ட இடங்களோடு ஒப்பந்தம் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஒப்பந்தம் வேறு, இருக்கை வேறு. ஒப்பந்தம் என்பது மாணவரை அனுப்பச் சட்டப்படி அனுமதி, அவ்வளவுதான். அந்தப் பருவத்தில் அங்கே ஒரு சி.சி.சி. மேற்பார்வையாளர் மாணவரை ஏற்க ஒப்புக்கொண்டால்தான் இருக்கை. திருப்பிக் கேட்டபோது, பெரிய மருத்துவமனைகள் மாணவர்களை நேர்காணல் செய்தே எடுக்கின்றன, மற்ற கல்லூரி மாணவர்களும் அதே இடத்துக்குப் போட்டியிடுகிறார்கள் என்று தெரிந்தது. விளம்பரத்தில் பொய் எதுவும் இல்லை. வாசிப்பவர்தான் எல்லோருக்கும் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்.

உள்ளூர்க் கல்லூரியின் இயக்குநர் சுருக்கமாக எழுதினார்: எல்லோருக்கும் ஒரு பள்ளி, ஒரு பெரியவர் இடம், பெரியவர் இடம் பெரும்பாலும் முதியோர் இல்லம், வருடத்துக்கு நாலைந்து பேருக்கு மட்டும் மருத்துவமனை, இடம் தேடுவது கல்லூரியின் பொறுப்பு, தூரம் 45 மைலுக்குள். கவர்ச்சியில்லாத பதில், ஆனால் எண்ணுக்கு எண் கொடுத்த பதில். முதியோர் இல்லத்தை மட்டமாக நினைக்க வேண்டாம். பக்கவாதம், டிமென்ஷியா, விழுங்கல் சிரமம் மூன்றும் அங்கே தினமும் வரும். அங்கே கிடைக்காதது ஐ.சி.யூ. அனுபவமும், எக்ஸ்ரேயில் விழுங்கலைப் பார்க்கும் பரிசோதனையை நாமே நடத்தும் வாய்ப்பும்.

சி.சி.சி.க்காக எழுதும் பிராக்சிஸ் தேர்வின் தேர்ச்சி விகிதம், படிப்பை முடித்தவர் விகிதம் இரண்டையும் ஒவ்வொரு கல்லூரியும் மூன்றாண்டுச் சராசரியாக வெளியிட வேண்டும், சி.ஏ.ஏ. எதிர்பார்க்கும் குறைந்த அளவு 80 சதவீதம். தேர்ச்சிக்கு 162 மதிப்பெண். ஒரு மாணவர் எத்தனை தடவை எழுதினாலும் ஒருவராகத்தான் எண்ணப்படுவார், அதனால் '100 சதவீதம்' என்பது முதல் முயற்சியிலேயே எல்லோரும் தேறினார்கள் என்பதற்குச் சான்று அல்ல. படிப்பை முடித்தவர் விகிதத்தைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். அது 85-க்குக் கீழே ஊசலாடினால், பாதியில் போனவர்கள் ஏன் போனார்கள் என்று கேட்கலாம்.

பணக் கணக்கு

2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு கிராட் பிளஸ் என்ற மத்திய அரசுக் கடன் கிடையாது. முதுநிலை மாணவருக்கு மத்திய அரசின் நேரடிக் கடன் ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 1,00,000. மருத்துவம், சட்டம் போன்ற தொழில்முறைப் பட்டங்களுக்கு உள்ள 50,000 வரம்பு ஸ்பீச் தெரபி முதுநிலைக்குக் கிடைக்கவில்லை. முன்பெல்லாம் கட்டணம் எவ்வளவானாலும் கிராட் பிளஸ் மூடிவிடும். இப்போது மிச்சம் தனியார் வங்கியிடமிருந்தோ வீட்டிலிருந்தோ வர வேண்டும். இரண்டாண்டுப் படிப்புக்கு மத்திய கடன் ஆகக் கூடியது 41,000.

உள்ளூர்: கட்டணம் 44,000, பெட்ரோல், வண்டிச் செலவு 6,000. மொத்தம் 50,000, துண்டு விழுவது 9,000. நியூயார்க்: கட்டணம் 84,000, ஸ்காலர்ஷிப் போக 74,000, 21 மாதம் வாடகை, சாப்பாடு மாதம் 1,800 வீதம் 37,800. மொத்தம் 1,11,800, துண்டு 70,800. மத்திய மேற்கு: வெளிமாநிலக் கட்டணம் 52,000, முதலாண்டுக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி 13,000, ஒன்பது மாதம் 600 டாலர் உதவித்தொகை 5,400, வாழ்க்கைச் செலவு மாதம் 1,150 வீதம் 24,150. கூட்டிக் கழித்தால் 57,750, துண்டு 16,750.

மத்திய மேற்கு ஆஃபரில் 'உதவியாளர் பணி' என்றதுமே வீட்டில் எல்லோரும் அதன் பக்கம் சாய்ந்தார்கள். இந்தியாவில் எம்.எஸ். போனவர்களின் கதைகள் அப்படி. ஸ்பீச் தெரபியில் ஒரு சிக்கல்: இரண்டாம் ஆண்டு எக்ஸ்டெர்ன்ஷிப் வாரம் நாலு ஐந்து நாளை விழுங்கிவிடும், வாரம் பத்து மணி நேர உதவியாளர் வேலையை அதோடு சேர்த்துச் செய்ய முடியாது, பல துறைகள் கொடுப்பதும் இல்லை. ஆஃபர் கடிதத்திலும் 'முதலாண்டுக்கு' என்ற சொல் இரண்டாம் பத்தியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. மேலே உள்ள கணக்கில் அது ஏற்கெனவே கழித்துப் போட்டதுதான்.

இன்னொரு ஓட்டை கோடைப் பருவம். 20,500 என்பது கல்வியாண்டு ஒன்றுக்கு. இலையுதிர், வசந்தம் இரண்டிலும் முழுத் தொகையை எடுத்துவிட்டால் நடுவில் வரும் கோடைப் பருவத்துக்குக் கடனில் ஒன்றும் மிஞ்சாது, கட்டணம் மட்டும் வந்து நிற்கும். நிதியுதவி அலுவலகத்திடம் தொகையை மூன்று பருவத்துக்கும் பிரித்துத் தரும்படி முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும்.

அரசுப் பள்ளியிலோ லாபநோக்கற்ற மருத்துவமனையிலோ வேலை பார்த்துக்கொண்டு 120 தவணை கட்டினால் மீதியைத் தள்ளுபடி செய்யும் பி.எஸ்.எல்.எஃப். திட்டம் மத்திய கடனுக்கு மட்டும்தான். தனியார் கடனில் ஒரு டாலர்கூட அதில் வராது. அதனால் கடன் தொகையைப் பார்ப்பதைவிட அந்தத் துண்டுத் தொகையைப் பார்ப்பது நல்லது.

மத்திய மேற்கில் அங்கீகாரமும் கவனிக்க வேண்டியதாக இருந்தது. அது முழு அங்கீகாரத்துக்கு முந்தைய படியான, சி.ஏ.ஏ.வின் கேண்டிடசி நிலையில் இருந்த புதுப் படிப்பு. கேண்டிடசி உள்ள படிப்பை முடித்தாலும் சி.சி.சி.க்கு விண்ணப்பிக்கலாம், அதில் பயம் வேண்டாம். ஆனால் மூன்றாண்டுப் புள்ளிவிவரம் எதுவும் இல்லை. எக்ஸ்டெர்ன்ஷிப் இடங்களும் அப்போதுதான் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டிருந்தன. எட்டு மணி குறையும் ஆபத்து எங்கே அதிகம் என்றால் இங்கேதான்.

வெயிட்லிஸ்ட்

ஸ்பீச் தெரபி முதுநிலைக்கு, மருத்துவ ரெசிடென்சிக்கு இருப்பதுபோல் மையமாக இடம் பொருத்தித் தரும் முறை கிடையாது. ஒரே ஆள் நாலைந்து இடத்தைப் பிடித்துவைத்திருப்பார். அவர் ஒன்றில் சேர்ந்து மற்றவற்றை விடும்போதுதான் பட்டியல் நகரும். எல்லோரும் ஏப்ரல் 15 வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பதால் நகர்வு அதை ஒட்டிய சில நாட்களில் கொட்டும். சேர மாட்டோம் என்று உறுதியான ஆஃபரை அன்றைக்கே விட்டுவிடுவது தர்மம் மட்டுமல்ல, முழு வரிசையும் அதனால்தான் நகர்கிறது. மத்திய மேற்கை இவர் மார்ச் கடைசியில் விட்டார். நியூயார்க்கை ஏப்ரல் 8-இல்.

பென்சில்வேனியாவுக்கு ஆர்வக் கடிதம் ஒன்று போனது, அரைப் பக்கம். அழைத்தால் சேரும் உத்தேசம் உண்டு என்பதும், விண்ணப்பத்துக்குப் பின் நடந்த புது விஷயமும் (மூளைப் பாதிப்பால் மொழித்திறன் குன்றியவர்களுக்கான ஒரு அஃபேஷியா குழுவில் தன்னார்வப் பணி), மூன்று கேள்விகளும் அதில் இருந்தன: பட்டியல் வரிசைப்படியா, போன ஆண்டு எத்தனை பேரை எடுத்தீர்கள், அழைத்தால் பதில் சொல்ல எவ்வளவு நேரம். வாரம் ஒரு கடிதம் போடுவோர் உண்டு, அதனால் பயனில்லை. 'அழைத்தால் கட்டாயம் வருவேன்' என்பதைப் பணக் கணக்கு போடாதவர் எழுதக் கூடாது.

ஏப்ரல் 14 அன்று உள்ளூருக்கு 300 டாலர் டெபாசிட் கட்டினார். அதோடு ஒரு அரைத்தாள் எழுதிவைத்தார்: பென்சில்வேனியா அழைத்தால் எந்தப் பதிலுக்கு ஆம், எந்தப் பதிலுக்கு இல்லை. ஏப்ரல் 16 வியாழன் பிற்பகல் போன் வந்தது, 24 மணி நேர அவகாசம். டெபாசிட் கட்டிய பின் வேறு இடத்துக்குப் போவதில் சட்டச் சிக்கல் இல்லை, 300 டாலர் போகும். நிதியுதவியை ஏற்றுக்கொண்டிருந்தால் முந்தைய கல்லூரிக்கு எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்; அவர்களிடம் விடுதலைக் கடிதம் வாங்க வேண்டும் என்ற பழைய விதி ஏப்ரல் 15 தீர்மானத்தில் இப்போது இல்லை. அரைத்தாளில் இருந்த முதல் கேள்வி: மெடிக்கல் ட்ராக்கில் மருத்துவமனை இடம் உறுதியா. பதில்: ஒரு மெடிக்கல் இடம் உறுதி, அது மருத்துவமனையாகவோ முதியோர் இல்லமாகவோ இருக்கலாம். உள்ளூர் கொடுத்ததும் அதுதான். ட்ராக்கில் கூடுதலாக இருந்தது இரண்டு விருப்பப் பாடம். கட்டணம் 66,000, பாதி வாரம் தங்கும் செலவு 16,000, துண்டு 41,000. உள்ளூரைவிட 32,000 கூடுதல், முழுக்கத் தனியார் கடன். மறுநாள் காலை வேண்டாம் என்று எழுதிவிட்டார்.

இந்த முடிவு எல்லோருக்கும் பொருந்தாது. மருத்துவமனை இருக்கையை எழுத்தில் உறுதி தரும் இடமாக இருந்து, கட்டண வித்தியாசம் பத்தாயிரத்துக்குள் இருந்தால் எங்கள் ஓட்டு மறுபக்கம்தான். இதே விண்ணப்பதாரர் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருந்தால் மத்திய கடனே கிடையாது, முதல் கேள்வியே மாறிவிடும். படிப்புக்குப் பின் வேலை பார்க்க அனுமதிக்கும் ஓ.பி.டி. 12 மாதம்; ஸ்பீச் தெரபி ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பத் துறைகள்) பட்டியலில் இல்லாததால் நீட்டிப்பு இல்லை. 36 வாரம், 1,260 மணி நேரம் கொண்ட கிளினிக்கல் ஃபெலோஷிப்பை (சி.சி.சி.க்காக மேற்பார்வையில் பார்க்கும் முதல் வேலை) அதற்குள் முடிக்க வேண்டும், வேலையில்லா நாட்கள் 90-ஐத் தாண்டக் கூடாது. எஃப்-1 மாணவர் கல்லூரியைத் தேர்வு செய்யும்போதே, அங்கிருந்து போன வெளிநாட்டு மாணவர்கள் ஃபெலோஷிப் எங்கே செய்தார்கள் என்று கேட்டுவிட வேண்டும்.

இடம் உறுதியான பின் மே மாதத்திலேயே தொடங்க வேண்டிய வேலை தடுப்பூசிப் பதிவு. அது முடியாமல் எந்தப் பயிற்சி இடத்துக்கும் உள்ளே விட மாட்டார்கள். இந்தியாவில் பி.சி.ஜி. போட்டவர்களுக்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் காசநோய்ப் பரிசோதனை பாசிட்டிவ் காட்டக்கூடும், பிறகு எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம் என்று இழுக்கும், பி.சி.ஜி.யால் பாதிக்கப்படாத ஐ.ஜி.ஆர்.ஏ. ரத்தப் பரிசோதனையை முதலிலேயே கேட்டு வாங்கலாம். சின்னம்மைக்கும் தட்டம்மைக்கும் பழைய சீட்டு இல்லாவிட்டால் எதிர்ப்புச் சக்தியை ரத்தத்தில் பார்ப்பார்கள். இல்லை என்று வந்தால் குறைந்தது நாலு வார இடைவெளியில் இரண்டு டோஸ். ஹெபடைடிஸ் பி வழக்கமான மூன்று டோஸ் முடிய ஆறு மாதம் ஆகும், முதல் ஊசி மே மாதம் போட்டால் கடைசி நவம்பரில்.